செவ்வாயில் ஊதா அந்தி

"17.10.1954, ஞாயிறு. படம் 4. செவ்வாயின் தரை, மாலை நேரம். இரண்டு தாள்கள், முகத்தோடு முகம் ஒட்டியவை (1943 பெப்ரவரி, மார்ச்). மண்: ரயில் பாதைக்கு மேலுள்ள வெட்டு. வானத்தில் ஊதா நிறம் தானாக ஊறி வந்திருக்கிறது. காரணம் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது."

என்னுடைய மூன்றாவது குறிப்புப் புத்தகத்தில், என் கையெழுத்திலேயே இது இருக்கிறது. "காரணம் தெரியவில்லை" என்பதற்கும் "நன்றாக இருக்கிறது" என்பதற்கும் நடுவில் ஒரு முற்றுப்புள்ளிதான் வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

நான் அப்போது இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரண்டாம் கிளாக்கராக இருந்தேன். 1949 ஜனவரியில் சேர்ந்தேன். மழை பெய்த அளவு, புதிதாக வாசித்த புத்தகம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த குழந்தை என்று எதற்கும் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் பள்ளிக்கூடத்திலேயே தொற்றியது. 1950இல் என் தங்கையை அதே தோட்டத்து ஃபேக்டரியில் வேலை செய்த ஒருவருக்குக் கொடுத்தோம். தேயிலைப் பெட்டிகளின் மேல் தகட்டு அச்சை வைத்து, கறுப்பு மை தொட்டு, தோட்டத்துப் பெயரையும் தேயிலை ரகத்தையும் பதிப்பது அவர் வேலை. அவர் பதித்த எழுத்துகளின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். ஆனால் அந்த எழுத்துகளில் ஒன்றைக்கூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவர். பதின்மூன்று வயதில் மலையில் வேலைக்குப் பேர் பதிந்தவர், பிற்பாடு கைத்திறனைப் பார்த்து ஃபேக்டரிக்கு எடுத்தார்கள். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டோம்.

செவ்வாய் எங்களுக்குள் வந்தது 1954இன் நடுவில். அந்த வருடம் அந்தக் கிரகம் பூமிக்குக் கிட்ட வருவதாகப் பதுளை வாசகசாலையில் ஓர் ஆங்கில வாரப் பத்திரிகையில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்குப் போகும்போது படித்ததைத் தமிழில் சொல்வேன். காற்று மெலிந்தது, மழை கிடையாது, மண் சிவப்பு, பகலிலேயே குளிர், இரண்டு நிலா. மச்சான் காதில் சொருகிய பீடியை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருப்பார். கேள்விகள் அடுத்த ஞாயிறுதான் வரும். மண் பொடியா கட்டியா என்பார். நிழல் கறுப்பாக விழுமா, மங்கலாக விழுமா என்பார். பத்திரிகையில் இல்லாததைத்தான் எப்போதும் கேட்பார். மூன்றாம் வாரம், உடைந்த பெட்டிப் பலகை ஒன்றின் மேல் கரியால் ஒரு சரிவை வரைந்து காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் நான் அதுவரை சொன்னதெல்லாம் எனக்கே புரிந்தது.

பலகையில் சிவப்பு நிற்கவில்லை. தாள் வேண்டும் என்றார்.

அந்தச் சமயத்தில் தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்திருந்த துரை, ஆபீஸ் பின்னறையில் கிடந்த பழைய தாள்களையெல்லாம் ஃபேக்டரி அடுப்பில் போட்டு எரிக்கச் சொன்னார். அவற்றில் பெரும்பகுதி 1940க்கும் 1949க்கும் இடைப்பட்ட வரவுத் தாள்கள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூப்பிட்டு யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கப்பிள்ளை குறித்த தாள்கள். நல்ல கனமான தாள். ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கும், மறுபக்கம் வெறுமை. எரிக்க மனம் வரவில்லை. இருபத்திநாலு தாள்களை உருவிச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். மிச்சம் அடுப்புக்குப் போனது. நான் எதையோ காப்பாற்றிவிட்டதாக அன்று நினைத்தேன்.

ஒற்றைத் தாள் சாயத்தைத் தாங்காது என்று மச்சான் ஒரு வழி கண்டுபிடித்தார். கோதுமை மாப் பசை காய்ச்சி, எழுத்துள்ள பக்கங்கள் உள்ளே போகும்படி இரண்டு தாள்களை ஒட்டி, மேலே பெட்டிப் பலகையும் கல்லும் வைத்து மூன்று நாள் காயவிடுவார். அட்டை மாதிரி ஆகிவிடும். இரண்டு பக்கமும் வெள்ளை. உள்ளே எந்த மாதம் போகிறது என்று ஒட்டும் முன் நான் பார்த்துக் குறித்துக்கொள்வேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. தேதி இருந்தால் நான் எழுதிவிடுவேன், அவ்வளவுதான்.

சிவப்புக்கு ரயில் பாதை வெட்டிலிருந்து மண் எடுத்து, ஃபேக்டரியில் கழித்துப் போட்ட தூள் சல்லடையில் மூன்று முறை சலித்து, மரப்பிசினில் குழைப்பார். பாறைகளுக்கு ஈயத்தகட்டில் அச்சு வெட்டினார். ஒரே அச்சைத் திருப்பித் திருப்பி வைத்தால் ஒவ்வொரு பாறையும் வேறு பாறை.

முதல் படத்தில் சரிவு முழுக்கக் குறுக்கே கான் வெட்டியிருந்தார், தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அடித்துப் போகாமல் வெட்டுகிற கான். செவ்வாயில் மழையே இல்லையே, கான் எதற்கு என்றேன். மச்சான் படத்தைச் சாய்த்துப் பிடித்துக் கேட்டார்.

"மழை இல்லேன்னா இந்தச் சரிவு எப்படி மச்சான் வந்துச்சு?"

கானை அழிக்க அவர் சம்மதிக்கவில்லை. கான் இல்லாத சரிவு தனக்குப் பொய்யாகத் தெரிகிறது என்றார். அடுத்த படங்களில் அதைத் தூர்ந்துபோன கானாக வரைந்தார், எப்போதோ ஆட்கள் இருந்து விட்டுப்போன மாதிரி. அந்தத் தூர்ந்த கான்தான் எங்கள் படங்களுக்கு ஒரு கதையைக் கொடுத்தது. அங்கே முன்பு வேலை செய்தவர்கள் யார், எங்கே போனார்கள்? அதைத் தேடிப் பூமியிலிருந்து ஒரு கூட்டம் போகிறது. அந்தக் கூட்டத்தின் ஒரு பகல், விடிவதிலிருந்து இருட்டுவது வரை, பன்னிரண்டு படங்கள் என்று தீர்மானித்தோம்.

மூச்சுக்குக் காற்றை முதுகில் சுமக்க வேண்டும் என்று நான் சொன்னதும், மச்சான் காற்றுக் குழாயை ஒரு பெண்ணின் முதுகில் தொங்கவிட்டு, அதன் பட்டையை நெற்றியில் மாட்டினார். கொழுந்துக் கூடை சுமக்கிற அதே விதம். தங்கையை வாசலில் நிற்க வைத்துத்தான் அதை வரைந்தார். அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது என் குறிப்பில் அப்படியே இருக்கிறது.

"ஏண்ணே, அம்புட்டுத் தூரம் போயும் எனக்குக் கூடைதானா? ஒங்க மச்சான ஒரு நாற்காலியாச்சும் போடச் சொல்லுங்க."

அது ஒன்பதாம் படம். 6.3.1955. உள்ளே 1941 ஜூலை, ஆகஸ்ட் தாள்கள். பன்னிரண்டிலும் அதுதான் சிறந்தது. அந்தப் பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்பாள். அவளுக்கு முன்னே தூர்ந்த கான்கள் வரிவரியாக அடிவானம் வரை போகும். மேலே சாயமே தொடாத வானம். அதில் ஊதா நிறம் மெல்லப் படர்ந்து, ஓரிடத்தில் அடர்ந்து, ஓரிடத்தில் கரைந்து கிடக்கும். நாலாம் படத்தில் தொடங்கி அந்த ஊதா, சில அட்டைகளில் காயக் காயத் தானாக மேலே வந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது, "தாளுக்குள்ளேருந்து வருது மச்சான்," என்றார். மெலிந்த காற்றில் செவ்வாயின் வானம் ஊதாவாகத் தெரியலாம் என்று நான் வேறு ஒரு கட்டுரையில் வாசித்திருந்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது. ஊதா வருகிற அட்டைகளை மாலைப் படங்களுக்கென்று ஒதுக்கினோம்.

பதுளைக் கடைவீதியில் கண்ணாடிச் சட்டம் போடும் முஸ்லிம் முதலாளி ஒருவர், ஒன்பதாம் படத்தையும் நாலாம் படத்தையும் 1955இல் இரண்டு மாதம் கடை முன்னால் மாட்டி வைத்தார். பார்த்தவர்களில் ஒருவர் இது மழை பொய்த்த வருடத்து மடுல்சீமை மலையா என்று கேட்டாராம். இல்லை, செவ்வாய்க் கிரகம் என்றதற்கு, ரோடு எது மோசம் என்று அவர் திருப்பிக் கேட்டதாக முதலாளி சிரித்துச் சிரித்துச் சொன்னார். லயத்தில் அப்படிச் சிரிக்கவில்லை. கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் பிள்ளை இல்லாத வீட்டில் செவ்வாயைக் கொண்டுவந்து சுவரில் சாத்தி வைக்கலாமா என்று பக்கத்துக் காம்பராப் பெரியம்மா தங்கையிடம் கேட்டிருக்கிறார். தங்கை அதற்கு, ஜாதகத்தில் இருப்பது போதாதென்று ஆளே அங்கே போய்விட்டேன், இனி அது என்னை என்ன செய்யும் என்றாளாம்.

9.9.1956 ஞாயிறு மாலை நாங்கள் மூன்று பேரும் ஃபேக்டரிக்கு மேலுள்ள பாதையில் நின்று கிழக்கே பார்த்தோம். பொழுது சாய்ந்ததும் மலைக்கு மேலே அது ஏறியது. இத்தனை கிட்ட இனிப் பதினைந்து வருடம் கழித்துத்தான் வரும் என்றேன். மச்சான், தன் சிவப்பு கொஞ்சம் கூடிவிட்டது, அடுத்த தடவை மஞ்சள் மண் கலக்க வேண்டும் என்றார். என் வாழ்க்கையின் சந்தோஷமான நாட்களை எண்ணச் சொன்னால் அந்த மாலையிலிருந்துதான் தொடங்குவேன்.

1957 பெப்ரவரி 14இல் மச்சானைப் பதுளை அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பிரஜாவுரிமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

1948இல் வந்த சட்டத்தால், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துத் தமிழர்களான எங்கள் ஆட்கள் நாடில்லாதவர்களானது எல்லோருக்கும் தெரிந்தது. 1951 ஆகஸ்டுக்குள் மனுப் போட்டவர்கள், குறிப்பிட்ட வருடங்கள் இந்த நாட்டை விட்டுப் போகாமல் இருந்ததாகக் காகிதத்தில் காட்டினால் பிரஜையாகலாம் என்று ஒரு சட்டம் வந்தது. நானும் போட்டேன், பள்ளிக்கூடப் பதிவுகள் இருந்ததால் எனக்குக் கிடைத்தது. மச்சானின் மனுவையும் நான்தான் நிரப்பினேன். தங்கையின் பெயர் மனைவி என்ற முறையில் அந்த மனுவுக்குள் இருந்தது. அவருக்குக் கிடைத்தால் அவளுக்கும் உண்டு, இல்லையென்றால் இருவருக்குமே இல்லை. அவருடைய பிறப்பைப் பதிந்தவர்கள் யாருமில்லை. தோட்டத்து ஆபீஸ் கடிதம் போதும் என்று நான் இருந்துவிட்டேன்.

கடிதத்தில், கையிலுள்ள பதிவுகளின்படி 1950 முதல் இவர் இங்கே வேலை செய்கிறார் என்றுதான் துரை எழுதியிருந்தார். அதற்கு முந்தைய பதிவுகள் எரிந்துவிட்டனவே. விசாரணை அதிகாரிக்கோ 1946க்கு முந்தைய வருடங்கள் வேண்டும். மொழிபெயர்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் என்னை வெளியே கூட்டிக்கொண்டுபோய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஐயா, அந்தக் காலத்துப் பேர்த் தாள் ஒண்டாவது இருந்தாக் கொண்டு வாங்கோ. ஒரு மாசத்துத் தாள் எண்டாலும் பரவாயில்லை. நான் எடுத்துச் சொல்லுறன்."

மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். திரும்பி வரும் ரயிலில், தெமோதரைக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால், அந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன என்பது எனக்கு நினைவு வந்தது. மச்சானிடம் அங்கேயே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். படம் 4, 1943. படம் 6, 1944. படம் 8, 1942. படம் 9, 1941. படம் 11, 1945. இந்த ஐந்தின் வயிற்றில்தான் அதிகாரி கேட்கும் வருடங்கள் இருந்தன. மீதி ஏழில் 1946க்குப் பிந்தியவை.

மறுநாள் சொன்னபோது மச்சான் கோபப்படவில்லை. தான் வரைந்ததற்குள்ளே தன் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். அதைக் கேட்டபோது அவர் முகத்தில் லேசான சந்தோஷம் இருந்தது. அதை நான் மறக்க விரும்பினேன், முடியவில்லை.

10.3.1957, ஞாயிறு காலை. பெரிய அலுமினியத் தாம்பாளத்தில் வெந்நீர் ஊற்றி நாலாம் படத்தை முதலில் இறக்கினோம். சிவப்பு உடனே கழன்று தண்ணீர் செம்மண் வெள்ளமானது. அரை மணி நேரத்தில் பசை இளகியது. மச்சான் ஒரு மூலையை நகத்தால் நெம்பி, மெதுவாக, மிக மெதுவாகப் பிரித்தார்.

உள்ளே பெயர்கள் இல்லை. கோடு போட்ட கட்டங்கள் இருந்தன. கட்டங்களுக்குள் ஊதா மேகங்கள்தான் இருந்தன.

அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளைமார் மலையில் மைப் பென்சிலால் எழுதுவார்கள். காய்ந்திருந்தால் சாதாரணப் பென்சில் போலச் சாம்பலாக இருக்கும், ஈரம் பட்டால் ஊதா மையாகக் கரையும். எழுத்து அழுத்தமாக விழுவதற்காக நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி, அவர்களுக்கு நாக்கே ஊதாவாக இருக்கும். தோட்டத்தில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆபீஸில் நாங்கள் பேனாவுக்கு மாறிவிட்டிருந்தோம், அதனால் நினைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இந்தத் தண்ணீர் அந்தப் பெயர்களைக் கரைக்கவில்லை. இரண்டரை வருடம் முன்பு பசை தடவிய அன்றே அவை கரையத் தொடங்கிவிட்டன. கரைந்து, தாளுக்குள் ஊறி, மறுபக்கம் வந்து வானமாயின. நான் அதைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

ஆறாம் படமும் எட்டாம் படமும் பதினோராம் படமும் அப்படியே. ஒன்பதாவதைக் கையில் எடுத்தபோது நான் வேண்டாம் என்றேன். இதிலும் இருக்காது, இதையாவது விட்டுவிடலாம் என்றேன். மச்சான் தங்கையைப் பார்த்தார். அவள் படத்திலிருந்த தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நனைங்க. படத்தத் திரும்ப வரைஞ்சுக்கலாம்."

இந்தத் தடவை தண்ணீரில் போடாமல் கேத்தலின் ஆவியில் காட்டினோம். ஒரு மணி நேரம் பிடித்தது. ஆகஸ்ட் தாளின் கீழ் மூலையில் மட்டும் பசை சரியாகப் படாத இரண்டு விரல் அகலம் இருந்தது. அங்கே ஒரு பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும், ஒன்பது நாள் வேலைக்கு வந்த அடையாளங்களும் தெளிவாக இருந்தன. மச்சானின் பெயரும் அந்த இரண்டு எழுத்துகளில்தான் முடியும். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அப்படித்தான் முடியும்.

மே மாதம் அந்தத் தாளைக் கொண்டுபோனோம். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் அதை ஜன்னலில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்பு அவர் விரலில் பட்டது. அதிகாரியிடம் நெடுநேரம் ஆங்கிலத்தில் வாதாடினார், அவருக்கு நாங்கள் யார்? அதிகாரியும் முரடரல்ல. இரண்டு எழுத்தை வைத்து ஒரு மனிதனை அடையாளம் காண முடியாது என்று மட்டும் சொன்னார். அது நியாயமான பேச்சு. நிராகரிப்புக் கடிதம் செப்டெம்பரில் வந்தது. அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன்.

செவ்வாயை வீட்டில் வைத்ததால் வந்த வினை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் அறியாமலே சரியாகச் சொன்னார்கள். இன்னொன்றும் எழுத வேண்டும், இதுவரை யாரிடமும் சொல்லாதது. அந்தத் தாள்களில் மச்சானின் டிவிசனில், தோட்டத்தின் அந்தப் பகுதியில், வேலை செய்த எல்லோரும் இருந்தார்கள். 1957இலும் 1958இலும் அந்த லயங்களில் மேலும் மூன்று குடும்பங்களின் மனு, பழைய பதிவு இல்லை என்று தள்ளுபடியானது. அவர்கள் எல்லாப் பழியையும் தாள்களை எரிக்கச் சொன்ன துரை மேல் போட்டார்கள். நான் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

படத்தைத் திரும்ப வரையலாம் என்று தங்கை சொன்னாளே, மச்சான் வரையவில்லை. நான் பதுளையில் புதுத் தாள் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொட்டுப் பார்த்து, நல்ல தாள் என்றார், மடித்து வைத்துவிட்டார். செவ்வாயைப் பற்றி அதன் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. திருச்சிப் பக்கம் அவருடைய சித்தப்பா இருந்தார். அப்பா காலத்திலேயே தொடர்பு விட்டுப்போனவர். அவரைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதச் சொன்னார், எழுதினேன்.

22.4.1959இல் இருவரும் இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். ஸ்டேஷனில் மச்சான், மிச்சமிருந்த ஏழு படங்களும் வீட்டில் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே போய் இறங்கியதும் என்ன தேதி, எத்தனை மணி என்று எழுதச் சொல்கிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது என்றாள். சிரிக்க வைக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு இப்போது வருத்தம்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி அக்கரையில் இறங்கிய தேதியை எழுத வைத்தாள், மணியையும் எழுத வைத்தாள். பிறகு வருடத்துக்கு ஒரு கடிதம், யாரோ எழுதிக்கொடுத்தது. மச்சான் செங்கல் சூளையில் வேலை செய்கிறார். அந்த மண்ணும் சிவப்புத்தான். படம் வரைவதில்லை. 1961 நவம்பருக்குப் பிறகு கடிதம் இல்லை. நான் போட்ட இரண்டும் திரும்பியும் வரவில்லை.

1962இல் பண்டாரவளையில் ஓய்வு பெற்றிருந்த பழைய கணக்கப்பிள்ளை ஒருவரைத் தேடிப் போனேன். அந்த வருடங்களில் எங்கள் தோட்டத்தில் வரவு எழுதியவர் அவர்தான். பதின்மூன்று, பதினாலு வயதுப் பையன்களை அரைப் பேர் என்று எடுப்போம், அவர்களுக்குத் தனி வரி கிடையாது, அப்பன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுவதுதான் வழக்கம் என்றார். 1941இல் மச்சானுக்குப் பதின்மூன்று இருக்கும். அப்படியானால் அந்த வருடத் தாளில் அவருடைய பெயரே இருந்திருக்காது, ஒன்பதாம் படத்திலாவது நாங்கள் கரைத்தது அவருடைய பெயரை அல்ல. எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலேயே வந்து, பையன்களின் பெயரையும் தனியாக எழுதச் சொல்லி ஒரு வருடம் உத்தரவு வந்தது, அது நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா என்று நினைவில்லை என்றார்.

அந்த உத்தரவின் நகலைக் கண்டவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. ஒன்பதாம் படத்தின் உள்ளேயிருந்த 1941 ஆகஸ்ட் தாளில் மச்சானின் பெயர் எழுதப்பட்டிருந்ததா என்பது உறுதி செய்யப்படவில்லை.